நிழலில் வெள்ளைக்கரை ஹோஸ்டா வளர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு பெரிய நோர்வே மேப்பிள் நிற்கிறது. அதன் அடியில் புல் நிற்காது. இரண்டு கோடைகள் புல் விதை தூவிப் பார்த்துவிட்டு, மூன்றாம் ஆண்டு ஹோஸ்டாவுக்கு வந்தேன். இலை அழகுக்காக நிழலில் வளர்க்கும் செடி இது, குளிரில் மடிந்து வசந்தத்தில் மண்ணிலிருந்து மீண்டும் முளைக்கும். ரொறன்ரோவில் நிழல் விழும் வளவு உள்ள யாரைக் கேட்டாலும் ஹோஸ்டாவைத்தான் சொல்வார்கள். அதிலும் வெள்ளையோ மஞ்சளோ கரை போட்ட இலைதான் முதலில் கண்ணில் படும். ஊரில் முற்றத்தில் குரோட்டன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இப்படியொரு இலை பிடித்துப்போவது இயல்பு.

ஆனால் குரோட்டனை வளர்த்த பழக்கம் இங்கே உதவாது. குரோட்டனுக்கு வெயில் பட்டால்தான் நிறம் ஏறும். ஹோஸ்டாவின் வெள்ளை மத்தியான வெயிலில் கருகிவிடும். சரி, நிழல் செடிதானே என்று இருண்ட மூலையில் வைத்தால், வருடா வருடம் சிறுத்துக்கொண்டே போகும். இரண்டையும் நான் செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு விளங்கியது ஒன்றுதான்: அந்த வெள்ளைப் பகுதி சமைக்காது, சாப்பிட மட்டும் செய்யும். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த ஒரு விஷயத்திலிருந்தே வருகிறது.

முதலில் இலையைப் பாருங்கள்

இலையின் பச்சைப் பகுதியில் பச்சையம் இருக்கிறது, அது வெளிச்சத்தை வைத்துச் செடிக்கு உணவு செய்கிறது. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. மஞ்சளில் கொஞ்சம் இருக்கும். ஆக, இலையில் வெள்ளை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு அந்தச் செடியின் வருமானம் குறைகிறது. முழுப் பச்சை ஹோஸ்டா வேகமாகப் பரவுவதும், நடு வெளுத்த வகைகள் ஆமை வேகத்தில் நகர்வதும் இதனால்தான்.

இந்த இரண்டு நிறம் எப்படி வருகிறது? ஹோஸ்டாவின் வளர்நுனியில் உயிரணுக்கள் அடுக்கடுக்காக இருக்கும். கரை போட்ட வகையில் ஓர் அடுக்கு பச்சையம் உள்ளது, இன்னோர் அடுக்கு இல்லாதது. இரண்டும் சேர்ந்து ஓர் இலையாக வளர்கின்றன. அடுக்குகள் தம் இடத்தில் இருக்கும்வரை கரை ஒழுங்காக வரும். எப்போதாவது ஓர் அடுக்கு மற்றதன் இடத்தைப் பிடித்துக்கொண்டால், அந்த முளை முழுப் பச்சையாகவோ முழு வெள்ளையாகவோ நிறம் இடம் மாறியோ வரும். புதிய வகைகள் பல பிறந்தது இப்படித்தான். 1936-இல் கனெக்டிகட்டில் பிரிஸ்டல் என்ற ஊரின் நர்சரி ஒன்றில் ஃபிரான்சஸ் வில்லியம்ஸ் என்ற பெண்மணி, நீலப்பச்சைச் செடிகளின் வரிசையில் மஞ்சள் கரையோடு ஒன்று தனித்து நிற்பதைக் கண்டு எடுத்து வந்தார். அது இன்று அவர் பெயரிலேயே உலகம் முழுக்க வளர்கிறது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கரை போட்ட ஹோஸ்டாவின் விதையைப் போட்டால் பொதுவாகக் கரை வராது. பச்சையமுள்ள நுண்ணுறுப்புகள் தாய்வழியில்தான் விதைக்குப் போகின்றன, அதுவும் ஏதாவது ஓர் அடுக்கிலிருந்து மட்டும். எனவே வானவில் நிறப் படம் போட்டு இணையத்தில் விற்கும் ஹோஸ்டா விதைகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். செடியாகத்தான் வாங்க வேண்டும், அல்லது தெரிந்தவரிடம் ஒரு முளை பிரித்து வாங்க வேண்டும்.

உங்கள் ஊருக்கு இது சரிவருமா?

ஹோஸ்டாவின் பூர்வீகம் ஜப்பான், கொரியா, சீனா. மலைச்சாரலிலும் ஓடைக்கரையிலும் வளர்ந்த செடி. ஜப்பானில் இதன் இளந்தளிரை உருய் என்று சொல்லிக் கீரையாகச் சமைக்கிறார்கள். 1830 வாக்கில் சீபோல்ட் என்ற மருத்துவர் ஜப்பானிலிருந்து நெதர்லாந்துக்குச் சில செடிகளைக் கொண்டுபோனார், அங்கிருந்து மேற்கே பரவியது.

இதற்குக் குளிர்காலத் தூக்கம் கட்டாயம். 5 பாகைக்குக் கீழே பல வாரங்கள் கிடந்து எழுந்தால்தான் அடுத்த ஆண்டு நல்ல முளை விடும். கனடா, இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்காவின் வடபகுதி எல்லாம் இதற்கு ஏற்றவை. ரொறன்ரோவின் மைனஸ் 20 இதற்கு ஒரு பொருட்டே இல்லை. சென்னையிலோ கொழும்பிலோ யாராவது கேட்டால், வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அந்தச் செடி தூங்காமல் களைத்துப் போகும்.

வீட்டில் நாய், பூனை இருந்தால் கவனம் தேவை. இந்த இலையைத் தின்றால் அவற்றுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

எந்த வகையை வாங்குவது

முதல் செடி என்றால் பேட்ரியட் வாங்குங்கள். கரும்பச்சை நடு, அகலமான வெள்ளைக்கரை. முழங்காலளவு உயரமும் ஒரு மீட்டருக்கு மேல் அகலமும் வரும், சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். அமெரிக்க ஹோஸ்டா வளர்ப்பாளர் அமைப்பு ஒன்று 1997-இல் இதை அந்த ஆண்டின் ஹோஸ்டாவாகத் தேர்ந்தது.

இதே பேட்ரியட்டின் நிறம் இடம் மாறிப் பிறந்ததுதான் ஃபயர் அண்ட் ஐஸ். நடு முழுக்க வெள்ளை, ஓரத்தில் மட்டும் பச்சை. கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எல்லோர் கையும் இதற்குத்தான் போகும். என் கையும் போனது. ஒரே இரத்தம், ஆனாலும் ஃபயர் அண்ட் ஐஸ் சிறியது, மெதுவானது, வெயிலும் தாங்காது, இருட்டும் தாங்காது. இதை இரண்டாவது செடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் நடுவும் நீலப்பச்சைக் கரையும் கொண்ட ஜூன் எனக்கு மிகவும் பிடித்தது. இலை தடிப்பு, நத்தை எளிதில் கடிக்காது, மஞ்சள் என்பதால் வெள்ளையைவிட அதிகம் வெளிச்சம் வாங்கும். ஃபிரான்சஸ் வில்லியம்ஸ் அழகுதான், ஆனால் அதன் மஞ்சள் கரை இளவேனிலிலேயே பழுப்பாகக் கருகும் குணம் உடையது. அது உங்கள் தவறு அல்ல. கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் என்ற வகை மிக மெதுவாக வளரும், பொறுமைசாலிகளுக்கு மட்டும்.

பழைய வீடுகளின் நடைபாதை ஓரங்களில் அலையலையான இலையோடு ஒன்று நிற்கும், அது அண்டுலாட்டா. வசந்தத்தில் நடு வெள்ளையாகத் தொடங்கி, கோடையில் வரும் இரண்டாம் சுற்று இலைகள் பச்சை பாரித்து வரும். அதைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டாம்.

கடையில் பானையைக் கையில் எடுத்ததும் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்பை ஒட்டி மை கசிந்ததுபோல் நிறம் பரவியிருக்கிறதா, இலை புடைத்துச் சுருங்கியிருக்கிறதா? இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இடம் தேர்வது

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய வேலை இதுதான். ஜூன் மாதம் ஒரு விடுமுறை நாளில், காலை 9, மத்தியானம் 12, பின்னேரம் 3, 5 என்று நான்கு முறை வளவுக்குப் போய் எங்கே வெயில் விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், அப்போது மரத்தில் இலை இருக்காது.

கரை போட்ட ஹோஸ்டாவுக்கு மிகச் சிறந்த இடம் வீட்டின் கிழக்குப் பக்கம். காலை வெயில் 2 முதல் 4 மணி நேரம், பிறகு நிழல். காலை வெயில் மென்மையானது, வெள்ளையைக் கருக்காது, பச்சைக்கு வேண்டியதைக் கொடுத்துவிடும். அடுத்தது, உயரமான மரத்தின் கீழே நாள் முழுக்கப் புள்ளி புள்ளியாக வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும் இடம். வடக்குச் சுவர் ஓரமும் பரவாயில்லை, மேலே வானம் திறந்திருந்தால். மேற்குப் பக்கம் மட்டும் வேண்டாம். ஜூலை மாதப் பின்னேர வெயிலில் வெள்ளைக்கரை இரண்டே நாளில் காகிதம்போல் பழுப்பாகிவிடும்.

நிழல் என்று சொல்லும்போது தண்ணீரையும் சேர்த்து யோசியுங்கள். கூரை விளிம்புக்கு அடியில் மழை விழாது. மேப்பிள் அடியிலும் அப்படித்தான். விழுகிற கொஞ்சத்தையும் மேலாகப் பின்னிக் கிடக்கும் அதன் வேர்கள் குடித்துவிடும். ஃபயர் அண்ட் ஐஸை நான் முதலில் மேப்பிள் மரத்தின் தண்டிலிருந்து இரண்டடி தள்ளி நட்டேன். முதல் ஆண்டு ஆறு முளை. மூன்றாம் ஆண்டு இரண்டு. வெட்டி எடுத்துப் பார்த்தபோது, ஹோஸ்டாவின் வேருக்குள் மேப்பிள் வேர் வலைபோல் நுழைந்திருந்தது. கிழக்குச் சுவர் ஓரம் மாற்றி நட்ட பிறகு மீண்டும் ஆறு முளைக்கு வர நான்கு வருடம் ஆனது.

மரத்தடிதான் உங்களிடம் இருக்கிறது என்றால், தண்டிலிருந்து முடிந்தவரை தள்ளி, கிளைப் பரப்பின் விளிம்புக்குப் போங்கள். பெருவிரலைவிடத் தடித்த வேர்களை வெட்ட வேண்டாம், மரத்துக்குக் கேடு. மரத்தடி முழுக்க மண் கொட்டி மேடாக்குவதும் அதே கேடுதான். மேப்பிளின் அடியில் எனக்குச் சரிவந்தது பெரிய பானைதான். அடியில் ஓட்டையுள்ள, 40 சென்டிமீட்டர் அகலப் பானையில் நட்டு, கீழே இரண்டு செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்தினேன். வேர் உள்ளே ஏறாது.

மண்ணும் நடவும்

எங்கள் பக்கம் களிமண். ஹோஸ்டாவுக்கு ஈரம் நிற்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. கூட்டெரு அல்லது மட்கிய இலை எரு மூன்றில் ஒரு பங்கு கலந்தால் களிமண் இரண்டையும் செய்யும். இலை எருவைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அக்டோபரில் விழும் மேப்பிள் இலைகளைப் புல்வெட்டியால் ஒரு தடவை ஓட்டி நொறுக்கி, நனைத்து, ஓட்டை போட்ட பையில் கட்டி மூலையில் வையுங்கள். ஒன்றரை இரண்டு வருடத்தில் கறுத்து உதிர்ந்துவிடும். இதைவிட நல்ல உணவு ஹோஸ்டாவுக்கு நான் கண்டதில்லை.

நட ஏற்ற காலம் இரண்டு. முளை தலைகாட்டும் ஏப்ரல் கடைசி முதல் மே வரை, அல்லது ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடு வரை. நிலம் உறைய ஆறு வாரமாவது முன்னால் நட்டால்தான் வேர் பிடிக்கும்.

குழியை ஆழமாக வெட்டுவதைவிட அகலமாக வெட்டுங்கள். ஹோஸ்டாவின் வேர் கீழே போவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் போகும். பானையின் ஆழம் போதும், அகலம் அதைப்போல் இரண்டு மடங்கு. பானையிலிருந்து எடுத்ததும் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்களை விரலால் பிரித்து விடுங்கள். குழியின் நடுவில் சின்ன மேடு குவித்து, வேரை அதன்மேல் குடைபோல் விரித்து வையுங்கள். முளையும் வேரும் சேரும் கழுத்து நில மட்டத்தில் இருக்க வேண்டும். ஆழத்தில் புதைந்தால் அழுகும். பிறகு மண் தள்ளி, கையால் அழுத்தி, ஒரு வாளித் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். பேட்ரியட் அளவுள்ள செடிகளுக்கு இடையே ஒரு மீட்டர் விடுங்கள். முதல் ஆண்டு வெறுமையாகத் தெரியும், இருக்கட்டும்.

மேலே 5 சென்டிமீட்டர் கனத்தில் நொறுக்கிய இலையோ மரப்பட்டையோ பரப்பலாம். கழுத்தைச் சுற்றி ஒரு கை அகலம் வெறுமையாக விடுங்கள். அங்கே மூடினால் நத்தைக்கும் எலிக்கும் வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

தண்ணீர், உரம், காத்திருப்பு

வாரம் 25 மில்லிமீட்டர் தண்ணீர், மழையையும் சேர்த்து. ஒரு வெற்று டின்னைச் செடிப் பக்கத்தில் வைத்தால் மழை எவ்வளவு பெய்தது என்று தெரியும். காலையில், வேரடியில் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க ஈரம் நின்று நத்தையை அழைக்கும். முதல் இரண்டு கோடையும் இதில் தவறக் கூடாது.

உரம் அதிகம் வேண்டாம். முளை வரும்போது கூட்டெரு ஒரு கை. விருப்பமென்றால் பையில் 10-10-10 என்று போட்டிருக்கும் உரம் கொஞ்சம். ஜூலை நடுவுக்குப் பிறகு எதுவும் போடாதீர்கள், குளிருக்கு முன் மெல்லிய புது இலை வந்து வீணாகும்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். கரை போட்ட ஹோஸ்டா தன் முழு உருவத்தைக் காட்ட ஐந்து வருடம் ஆகும். முதல் இரண்டு வருடத்து இலையைப் பார்த்து, கடைக்காரர் வேறு வகையைத் தந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். இளஞ்செடியின் இலை சிறியது, கரையும் ஒடுங்கியது. முதல் ஆண்டு பூந்தண்டு வந்தால் நான் வெட்டிவிடுவேன், அந்தச் சக்தி வேருக்குப் போகட்டும் என்று.

மே மாத உறைபனி

ஹோஸ்டா ஏப்ரல் கடைசியில் கூர்கூராக முளை விடும். ரொறன்ரோவில் மே 24-ஐ ஒட்டி வரும் விக்டோரியா நாள் லாங் வீக்கெண்ட் வரை இரவு உறைபனி எப்போது வேண்டுமானாலும் வரலாம். சுருண்டிருக்கும் முளைக்கு ஒன்றும் ஆகாது, விரிந்த இளம் இலைதான் வெந்துபோகும். பூச்சியத்துக்குக் கீழே போகும் என்று செய்தி வந்தால் மாலையில் ஒரு பழைய பெட்ஷீட்டையோ வெறும் வாளியையோ கவிழ்த்து மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையில் ஒட்டக் கூடாது, ஒட்டிய இடம் கருகும்.

ஓடில்லாத நத்தை

காலையில் இலையில் வட்ட வட்டமாக ஓட்டையும் வெள்ளிக்கோடுபோல் பிசுக்கும் இருந்தால் இதுதான். பச்சை இலையில் ஓட்டை அவ்வளவாகத் தெரியாது, வெள்ளைக்கரையில் அப்பட்டமாகத் தெரியும். வெள்ளைப் பகுதி மெலிதாகவும் இருப்பதால் நத்தைக்கு அங்கேதான் முதல் வாய்.

முட்டை ஓடு, பொடிச் சரளை, செம்புப் பட்டை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். இங்கிலாந்தின் ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி என்ற தோட்டக்கலைச் சங்கம் இவற்றைக் கீரைச் செடிகளைச் சுற்றி வைத்துச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டது. வைத்ததற்கும் வைக்காததற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதே முடிவு. என் அனுபவமும் அப்படித்தான்.

பலன் தருபவை வேறு. இரும்புப் பாஸ்பேட் குருணையை ஏப்ரலில், முளை வருமுன்பே, மெலிதாகத் தூவ வேண்டும். கடித்த நத்தை தின்பதை நிறுத்தி மண்ணுக்குள் போய்ச் சாகும். முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளை அப்போதே பிடித்தால் கோடை முழுக்க நிம்மதி. இரண்டாவது, மழை பெய்த இரவில் டார்ச்சும் உப்புத்தண்ணீர்ப் போத்தலுமாக வெளியே போய் நத்தைகளைப் பொறுக்கி அதில் போடுவது. உப்பை நிலத்தில் மட்டும் போடாதீர்கள், செடி கெடும். மூன்றாவது, பியர் ஊற்றிய கிண்ணம். விளிம்பு மண்ணுக்கு மேலே ஒரு விரற்கடை நிற்கட்டும், இல்லாவிட்டால் நத்தையைத் தின்னும் வண்டுகளும் அதில் விழுந்துவிடும்.

முயலும் மானும் வரும் இடமென்றால் கம்பிவலை தவிர வேறு நிலையான வழி எனக்குத் தெரியவில்லை.

பச்சை முளை வந்தால்

வெள்ளைக்கரை வளர்ப்பவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு மே மாதம் கரையே இல்லாத முழுப் பச்சை முளை ஒன்று நடுவில் எழும்பும். பார்க்கத் திடமாக, மற்ற முளைகளைவிடப் பெரிதாக இருக்கும். செடி நன்றாகப் பிடித்துவிட்டது என்று மகிழ்ந்து விட்டுவிடுவோம். எங்கள் பேட்ரியட்டில் அப்படித்தான் விட்டேன். மூன்றாம் ஆண்டு பாதிச் செடி பச்சை. அதன் இலை முழுவதும் சமைக்கிறது, கரை போட்ட முளையின் இலையில் பாதிதான் சமைக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யார் வெல்வார் என்பது தெரிந்ததே.

கண்டவுடன் எடுத்துவிட வேண்டும். இலையை மட்டும் கிள்ளினால் திரும்ப வரும். மண்ணை விலக்கி, அந்த முளை எந்த இடத்தில் கழுத்தோடு சேர்கிறது என்று பார்த்து, கூர்மையான கத்தியால் அதன் வேரோடு வெட்டி எடுங்கள். தூக்கி எறியத் தேவையில்லை, வேறு மூலையில் நட்டால் நல்ல பச்சை ஹோஸ்டா ஆகும். முழு வெள்ளை முளை வந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், அது தானாகவே வாடிப்போகும்.

நரம்போடு கசியும் மை

1996-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அடையாளம் கண்ட ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் என்றொரு நோய் உண்டு. மருந்து கிடையாது. நரம்பை ஒட்டி நிறம் கசியும், இலை புடைத்துக்கொள்ளும். தொற்றிய செடி சில வருடம் ஒன்றும் காட்டாமலும் இருக்கலாம். இரண்டு நிற இலையில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். நோய் தந்த கோலத்தையே புது அழகு என்று நினைத்து பிரேக்டான்ஸ், லெபர்ட் ஃபிராக் என்று பெயர் வைத்து விற்ற காலமும் இருந்தது. உண்மையான கரை எல்லா இலையிலும் ஓர் ஒழுங்கில் வரும். மை கசிவு இலைக்கு இலை மாறும்.

இது சாற்றின் வழியாக, அதாவது உங்கள் கத்தி வழியாகப் பரவுகிறது. ஒரு செடியில் பட்ட கத்தியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒன்பது பங்கு தண்ணீரில் ஒரு பங்கு பிளீச் கலந்து அதில் முக்கி எடுத்த பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள். நோய் உறுதியென்றால் வேரோடு தோண்டிப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள், கூட்டெருக் குவியலில் போட வேண்டாம். பழைய வேர்த் துண்டுகள் முற்றாக மட்கும்வரை அந்த இடத்தில் வேறு ஹோஸ்டாவும் வேண்டாம்.

ஆகஸ்டில் நரம்புகளுக்கு இடையே நேர்கோடாகப் பழுப்பு ஓடினால் அது வேறு, இலைக்குள் வாழும் நூற்புழு. அந்தச் செடியையும் எடுத்துவிடுவதே நல்லது.

இலையுதிர் காலமும் பிரிப்பதும்

அக்டோபர் கடைசியில் உறைபனி இலைகளைக் கூழாக்கிவிடும். அவற்றை வாரி எடுத்துவிடுங்கள், நத்தை முட்டையிடுவது அதன் அடியில்தான். பானையில் உள்ளவற்றைச் சூடாக்காத கராஜுக்குள் தள்ளிவிட்டால் போதும். முதல் குளிர்காலம் கழித்து மார்ச்சில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். நிலம் உறைந்து உருகும்போது புதுச் செடியை மேலே தள்ளியிருக்கும், கையால் அமுக்கி மண் போட வேண்டும்.

பிரிக்க அவசரம் இல்லை. ஹோஸ்டா பல வருடம் அதே இடத்தில் நிற்க விரும்பும் செடி, பிரித்தால் மீண்டும் இளஞ்செடிபோல் தொடங்கும். நடு வெளுத்த வகைகளை நான் தொடுவதே இல்லை. பேட்ரியட் போன்றவற்றை ஐந்தாறு வருடம் கழித்து, முளை இரண்டு அங்குலம் உயர்ந்திருக்கும்போது, சவளால் சுற்றித் தோண்டி எடுத்து வேரைக் கழுவி, மூன்று நான்கு முளைக்கு ஒரு துண்டாக வெட்டலாம். ஒற்றை முளைத் துண்டு பிழைக்கும், ஆனால் மூன்று வருடம் பின்வாங்கும். வெட்டுமுன் ஒவ்வொரு முளையின் சுருளையும் உற்றுப் பாருங்கள். அந்தச் சின்னச் சுருளிலேயே வெள்ளைக்கோடு தெரியும். கோடு தெரியாத முளையை அந்தத் துண்டில் சேர்க்காதீர்கள்.